தகப்பனின் பக்கத்தில் ஒட்டிய பசை

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர் பொய் சொல்கிறார்.

சங்கத்தின் கண்காட்சிக்கு நான் கொடுத்தது போட்டோகொப்பி என்று, பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் கடை கடையாகச் சொல்லித் திரிகிறார். நான் கொடுத்தது மூலக் கடிதம். ஓர் அமெரிக்க ஜனாதிபதி, தன் நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தபோது, பேனாவை மையில் தொட்டுத் தன் கையால் எழுதியது. இது தலைவருக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் என்னைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போகிறார்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ரோய்சி விமான நிலையத்தில் பொதி பிரிக்கிறேன். பாரிஸுக்கு வெளியே கூசேன்விலில் இருக்கிறேன். அவரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டேன். ஐந்து மாதமாகப் பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சேர்த்து வைத்திருக்கிற இந்தப் பழைய கடிதங்களைப் பற்றி வாய் திறந்தால் எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு கொடுத்து வாங்கினாய் என்பதுதான். யார் எழுதியது, யாருக்கு எழுதியது, என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. விலையை நான் யாருக்கும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

பாரிஸுக்கு வந்த முதல் ஒன்பது வருடமும் காலையில் ஓர் ஏல மண்டபத்தில் துப்புரவு வேலை செய்தேன். ஏலத்துக்கு வரும் சாமான்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துச் சனத்துக்குக் காட்டுவார்கள். சனம் குனிந்து பார்க்கும்போது கண்ணாடியில் விரல் அடையாளம் விழும். அதைத் துடைப்பது என் வேலை. எந்தப் பெட்டியை ஆட்கள் அதிகம் பார்த்தார்கள் என்று எனக்குத் துணி பிடித்த கையாலேயே தெரியும். ஒரு காலை ஒரு பெட்டி மூக்கு அடையாளம் வரைக்கும் அழுக்காக இருந்தது. உள்ளே நகையோ கடிகாரமோ இருக்கும் என்று நினைத்துக் குனிந்தேன். ஒரு பழைய தாள் இருந்தது.

அங்கே சாமான்களுக்கு விவரம் எழுதும் ஒரு பிரெஞ்சுக்காரி இருந்தாள். நல்ல பெண். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை என்று தெரிந்து மெதுவாகச் சொன்னாள். அமெரிக்கா இரண்டாக உடைந்து சண்டை பிடித்த காலம். அந்த ஜனாதிபதியை எல்லாருக்கும் தெரியும், தாடி வைத்தவர், நெடுவல், கடைசியில் நாடகக் கொட்டகையில் சுடப்பட்டவர். சண்டைக் காலத்தில் தாய்மாரும் தகப்பன்மாரும் அவருக்கு மனு எழுதுவார்கள். என் மகனைச் சுட வேண்டாம், என் மகனை விடுங்கள் என்று. அவர் சில மனுக்களைத் திருப்பிப் பின்பக்கத்தில் தன் கையாலேயே உத்தரவு எழுதி அனுப்புவார். பெட்டியில் இருந்தது அப்படி ஒன்று. எழுதியது ஒரு தாய்.

நான் துணியை வைத்துக்கொண்டு நின்றேன்.

என் அம்மா எங்கள் நாட்டில் மூன்று ஜனாதிபதிகளுக்கு எழுதியவர். என் அண்ணாவை இராணுவம் பிடித்துக்கொண்டு போன பிறகு. தன் கையால் தமிழில் எழுதுவார், பிறகு ஒரு மாஸ்டரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்விப்பார். எத்தனை எழுதினார் என்று எனக்குத் தெரியாது. வந்த பதில் ஒன்று. கிடைத்தது, கவனத்தில் எடுக்கப்படும் என்று அச்சடித்த ஓர் அட்டை. கையெழுத்துக்கூட இல்லை, றப்பர் முத்திரை.

அன்றிலிருந்துதான் இந்த விசர் பிடித்தது. விசர் என்பது என் மனைவி வைத்த பெயர். நான் அந்த ஜனாதிபதியைக் கும்பிடுகிறவன் இல்லை. அவர் எல்லாரையும் காப்பாற்றவில்லை. சுடச் சொல்லியும் கையெழுத்து வைத்திருக்கிறார், வாசித்திருக்கிறேன். ஆனால் மனுவைத் திருப்பினாரே, பேனாவை எடுத்தாரே, அதுதான் எனக்கு வேண்டியது. தாளின் ஒரு பக்கத்தில் கேட்பவரின் எழுத்து. மற்றப் பக்கத்தில் பதில் சொன்னவரின் எழுத்து.

இத்தனை வருடத்தில் என்னால் மூன்றுதான் வாங்க முடிந்தது. முதலாவது ஒரு துண்டு. இரண்டு விரல் அகலம். அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் ஜனாதிபதியின் எழுத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டு மனுவைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். என் துண்டில் அனுமதி என்ற பொருளில் ஒரு வரி, பிறகு கையெழுத்து, அவ்வளவுதான். யாருக்கு அனுமதி, எதற்கு, ஒன்றும் தெரியாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கத்தரிக்கோல் பிடித்தவன்மேல் எனக்குக் கோபம் வரும். இரண்டாவது ஓர் உறை, முகவரி அவர் எழுதியது, உள்ளே ஒன்றுமில்லை. மூன்றாவதுதான் முழுக் கடிதம்.

மூன்றாவதை எழுதியவர் ஒரு தகப்பன். கமக்காரன், வயல் செய்கிறவர். எழுத்து கோணல், இரண்டு இடத்தில் மை சிந்தியிருக்கிறது, ஒரு சொல்லை வெட்டிவிட்டு அதே பிழையோடு திரும்பவும் எழுதியிருக்கிறார். மகன் காவல் நின்றபோது நித்திரையாகிவிட்டான், மரண தண்டனை விதித்துவிட்டார்கள். அதற்கு முதல் இரண்டு நாள் அவனுக்கு நித்திரையே இல்லை என்று அவனோடு இருந்தவர்கள் சொல்கிறார்கள், இதுதான் விஷயம். கடைசி வரியில், பதில் வந்தாலும் வராவிட்டாலும் வாசித்ததற்கு நன்றி என்கிறார். தாளைத் திருப்பினால் ஜனாதிபதி. மூன்று வரி. தண்டனையை நிறுத்து, வழக்குத் தாள்களை எனக்கு அனுப்பு. கையெழுத்து, திகதி.

அந்தப் பொடியன் தப்பினானா என்று எனக்குத் தெரியாது. தேடினேன், கிடைக்கவில்லை.

இதைத்தான் தலைவரிடம் கொடுத்தேன்.

தலைவர் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. அதனால் அவர் எனக்கு அண்ணை, நான் அவருக்குத் தம்பி, எங்களுக்கு எத்தனை வயதானாலும். சங்கத்தின் பாரிஸ் கிளைக்குப் பதினொரு வருடமாக அவர்தான் தலைவர். ஒலிவாங்கி கையில் கிடைத்தால் திருப்பிக் கொடுக்கமாட்டார். இந்த முறை ஒன்றுகூடலோடு ஒரு கண்காட்சியும் வைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு கூசேன்விலுக்கு என் வீட்டுக்கே வந்தார்.

"தம்பி, உம்மட அமெரிக்கன் கடிதத்தை ஒருக்கா தாரும். பழைய காசு, முத்திரை, வெத்திலைத் தட்டம் எல்லாம் வருது. உதுகளை ஆர் பாப்பினம்? ஜனாதிபதிட கடிதம் எண்டா சனம் வரும்."

"அண்ணை, அது வெளிச்சத்தில வைக்கேலாது."

"வைக்கமாட்டம்."

"உறையில இருந்து வெளியில எடுக்கக் கூடாது. கண்ணாடிக்குள்ள வைக்கோணும். ரெண்டு பக்கமும் தெரியோணும்."

"ஓம், ஓம். கண்ணாடிப் பெட்டி எடுத்தாச்சு. நீர் யோசியாதையும். என்ர பிள்ளையைப் போலப் பாப்பன்."

என் மகள் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே பிறந்தவள், தமிழில் கேட்டாலும் பதில் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் வரும். தலைவர் போன பிறகு, "நோ பப்பா" என்றாள்.

நான் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் ஆசை இருந்தது. இருபது வருடம் அலுமாரிக்குள் வைத்துப் பார்த்த ஒன்றை எங்கள் ஆட்கள் ஒரு நாளாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். அந்தத் தகப்பன் எழுதியதை எங்கள் தாய்மார் வாசிக்க வேண்டும். தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் போடுங்கள் என்று நான்தான் கேட்டேன். மொழிபெயர்ப்பையும் நானே எழுதிக் கொடுத்தேன். விளக்கத் தாள் அச்சடிக்க அளவு பார்க்க வேண்டும் என்று அவர் நான்கு நாள் முன்னதாகவே கடிதத்தைக் கேட்டார். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கார் து நோர்ட் நிலையத்தில் இறங்கி, லாச்சப்பலில் அவர் கையில் கொடுத்தேன். கொடுத்தது நான். அந்தப் பிழையை நான் மறைக்கவில்லை.

இனி நடந்தது விளங்க வேண்டுமென்றால், எங்கள் ஆட்களுக்கும் தாளுக்கும் இருக்கிற உறவைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் தாளால் உயிர் பிழைத்தவர்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம சேவகர் கடிதம். வீடு எரிந்தால் முதலில் எடுக்கிற பை அதுதான். அதனால் கையில் முக்கியமான தாள் ஒன்று வந்தால் எங்களுக்குத் தெரிந்த ஒரே மரியாதை, அதை லமினேற் செய்வது. இரண்டு பிளாஸ்ரிக் தாளுக்கு நடுவில் விட்டு, சூடான உருளைக்குள் தள்ளி, விறைக்க வைத்து எடுப்பது. எந்த வீட்டிலும் பாருங்கள். கலியாண அட்டை லமினேற். செத்தவரின் கண்ணீர் அஞ்சலி லமினேற். சாமிப்படம், சாதகம், காணி உறுதி, எல்லாம் லமினேற். லாச்சப்பலில் போட்டோகொப்பிக் கடை என்று ஒன்று இருந்தால் அதற்குள் அந்த மெஷினும் இருக்கும்.

இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு வந்த அந்த அச்சடித்த அட்டையை அம்மாவும் லமினேற் செய்துதான் வைத்திருந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது. ஓரம் மஞ்சளாகிப் பிசுபிசுக்கிறது, உள்ளே எழுத்து மங்கிவிட்டது. முத்திரை மட்டும் தெரிகிறது.

என் பிறப்புச் சான்றிதழையும் அப்பா ஊரில் லமினேற் செய்துதான் தந்துவிட்டார். இங்கே வதிவிட அனுமதி கொடுக்கும் பிறெபெக்சரில் ஓர் அலுவலகப் பெண் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். பின்பக்க முத்திரையைத் தொட்டுப் பார்க்க முடியாது, இது செல்லாது என்று கண்ணாடிக்குக் கீழால் திருப்பித் தள்ளினாள். ஊரில் இன்னொன்று எடுத்து வரச் சண்டைக்குள் எட்டு மாதம் ஆனது. இந்தக் கதை எனக்கு மட்டும் நடந்ததல்ல. தலைவருக்கும் நடந்தது. அவரே எனக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதுதான் எனக்கு ஆறவில்லை. பட்டும் அதையே செய்தார்.

ஒன்றுகூடலன்று மத்தியானம் மண்டபத்துக்குப் போனேன். வாசலில் பெண்கள் ரோல்ஸும் தேத்தண்ணியும் வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய காசு இருந்தது. கடிதத்தைக் காணவில்லை. பிறகு பார்த்தால் மேடைக்குப் பக்கத்தில், யன்னலுக்கு நேரே, ஒரு நைலோன் கயிற்றில் உடுப்புக் காயப்போடும் கிளிப் இரண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் பட்டுப் பளபளத்தது. பளபளப்பைக் கண்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது.

போய்த் திருப்பினேன். மற்றப் பக்கத்தில் தகப்பன் இல்லை.

தகப்பனின் எழுத்துக்கு மேலே விளக்கத் தாளை ஒட்டியிருந்தார்கள். நீலக் கரை போட்டு, சங்கத்தின் இலச்சினை போட்டு, பெரிய எழுத்தில், உலகப் புகழ்பெற்ற ஜனாதிபதியின் கையெழுத்து என்று. கீழே தலைவரின் பெயர். நான் எழுதிக் கொடுத்த மொழிபெயர்ப்பிலிருந்து ஜனாதிபதியின் மூன்று வரியை மட்டும் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒட்டி, இரண்டையும் சேர்த்து லமினேற் செய்திருந்தார்கள்.

தலைவர் சால்வையோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்பிடித் தம்பி? பாத்தீரே? இனித் தண்ணி ஊத்தினாலும் ஒண்டும் செய்யாது. உம்மட பேரப்பிள்ளையளும் பாக்கலாம்."

"அண்ணை, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஏன், வடிவா இல்லையே?"

"பின்பக்கம் எங்கை?"

"பின்பக்கத்தில என்ன கிடக்கு? ஆரோ ஒரு கமக்காரன் கிறுக்கினது. பிழை பிழையா வேற எழுதியிருக்கிறான். ஜனாதிபதிட பக்கம் வடிவாத் தெரியுதுதானே."

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. தூஷணமும் வந்தது, அதற்கு அங்கே நின்ற பெண்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மேடையில் பரதநாட்டியத்துக்குப் பாட்டுப் போட்டிருந்தார்கள், நிற்பாட்டினார்கள். ஒரு மனிசி என் கையில் தேத்தண்ணியைத் திணித்து, "குடியுங்கோ அண்ணை, பிறெஷர் ஏறப்போகுது" என்றார். பின்னால் ஒருவன், "ஒரு பேப்பருக்கு இவ்வளவு கூத்தா" என்றான். இன்னொருவன், "அமெரிக்காவோட இவருக்கென்ன சம்பந்தம், சித்தப்பாவோ?" என்றான். சிரித்தார்கள். கிளிப்பைக் கழற்றிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தேத்தண்ணிக் கோப்பையும் கையோடு வந்துவிட்டது. அதை லாச்சப்பல் மெத்ரோப் பாலத்தின் கீழே ஒரு தூணடியில் வைத்துவிட்டுப் போனேன்.

அடுத்த நாள் மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணினியில் தேடி, பாரிஸிலேயே ஸ்டாலின்கிராட் என்ற இடத்தில் கால்வாய்ப் பக்கமாகப் பழைய தாள்களைத் திருத்தும் ஒரு பெண் இருக்கிறாள் என்று கண்டுபிடித்து, என்னோடு வந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு என் வயதிருக்கும். கடிதத்தை வெளிச்சம் வருகிற கண்ணாடி மேசையில் வைத்தாள். விளக்கைப் போட்டவுடன், நீலக் கரைத் தாளுக்குக் கீழால் தகப்பனின் வரிகள் நிழலாகத் தெரிந்தன. கோணல் எழுத்து. வெட்டிவிட்டுத் திரும்ப எழுதிய அந்தச் சொல்லும் தெரிந்தது. அவள் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே, யார் செய்தது என்று கேட்டாள். மகள், "எங்கட ஆக்கள்" என்றாள், தமிழில். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.

பிளாஸ்ரிக்கைக் கழற்றலாம் என்றாள் அந்தப் பெண். மெதுவாக, ஒருவகைத் திரவத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. சிக்கல் அதற்குள்ளே இருக்கும் பசை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாவிக்கும் குச்சிப் பசை என்றால் ஈரத்தால் இளகும், ஆனால் அந்தக் காலத்து மைக்கு ஈரம் ஆகாது, பரவும், அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். சப்பாத்துத் தைக்கிறவன் பாவிக்கும் மணக்கிற பசை என்றால் வேறு திரவம். இரண்டு பக்கமும் ஒட்டுகிற நாடா என்றால் இன்னொன்று. தாள் முழுக்கப் பூசியிருக்கிறார்களா, நான்கு மூலையில் மட்டுமா என்பதும் தெரிய வேண்டும். சூடு பட்டபடியால் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பிழையான திரவத்தை விட்டால் தகப்பனின் மை அந்த விளக்கத் தாளோடு போய்விடும். ஜனாதிபதியின் பக்கமும் தப்பாது.

"மே பப்பா, ஒட்டின ஆளைக் கேட்டா முடிஞ்சுது" என்றாள் மகள். "சே சேம்பிள்."

சுலபம் என்கிறாள். அவளுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது.

முதலில் போட்டோகொப்பிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வாடிக்கையாளருக்கு விமானச் சீட்டு அச்சடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கண்டவுடன் அடையாளம் பிடித்தார்.

"ஓம், நான்தான் போட்டனான். நல்ல தடிப்புப் பிளாஸ்ரிக் அண்ணை, சாதாரணம் இல்லை."

"என்ன பசை போட்டு ஒட்டினனீங்கள்?"

"ஒட்டினது நான் இல்லை. தலைவர் ஒட்டித்தான் கொண்டந்தவர். நான் மெஷினுக்குள்ள விட்டன், அவ்வளவுதான்."

"என்னத்தால ஒட்டினவர் எண்டு பாத்தனீங்களே?"

அப்போதுதான் அவருக்கு ஏதோ பிரச்சினை என்று விளங்கியது. சங்கத்தின் மலர், ரிக்கற், பதாகை எல்லாம் அந்தக் கடையில்தான் அச்சாகும். மெஷினைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியேல்லை அண்ணை. தலைவரைக் கேளுங்கோ. என்னை உதுக்குள்ள இழுக்காதேங்கோ" என்றார். அதற்குப் பிறகு நான் போனால் உள்ளே போய்விடுகிறார்.

தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். செயற்குழுவில் கதைக்கிறேன் என்றார். அடுத்த கிழமை எடுத்தேன், லண்டனில் நிற்கிறேன் என்றார், பின்னால் எங்கள் மெத்ரோவின் சத்தம் கேட்டது. பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டார். வாட்ஸப்பில் எழுதி அனுப்பினேன். என்ன பசை, எங்கெங்கே பூசினீர்கள், இவ்வளவுதான் எழுதினேன். பார்த்தார் என்று நீல அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து முடி வெட்டும் கடையில் இருக்கிறேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் ஸ்தேன் என்ற ஊரில் இருக்கிறவர், என் முகம் தெரியாதவர். முடி வெட்டுகிறவனிடம் சொல்கிறார்: "உந்தச் சங்கத்தில ஒருத்தன் போட்டோகொப்பியைக் கொண்டந்து குடுத்திட்டு, ஒரிஜினலைப் பழுதாக்கிப் போட்டியள் எண்டு நிக்கிறானாம். இன்சூரன்ஸுக்கு அலுவல் பாக்கிறான் போல. தலைவர் பாவம், நல்ல மனிசன்." கழுத்தில் துணி கட்டியபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதி முடியோடு எழும்ப முடியவில்லை. அந்தப் பத்து நிமிடமும் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மரக்கறிக் கடை வாசலில் தலைவரைப் பிடித்தேன். கையில் முருங்கைக்காய்ப் பை இருந்தது. ஓடமுடியவில்லை.

"அண்ணை, நான் குடுத்தது போட்டோகொப்பியே?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை. குரலைக் குறைத்தார்.

"தம்பி, நல்லதெண்டு நினைச்சுத்தான் செய்தனான். கிழிஞ்சு போடும் எண்டு பயந்து. உம்மட சாமானை நான் பழுதாக்குவனே?"

அந்த நேரம் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய்யில்லை. உண்மையிலேயே அவர் அதைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்திருக்கிறார். எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது, இதையும் மறைக்கவில்லை.

"சரி அண்ணை. நான் சண்டைக்கு வரேல்லை. என்ன பசை எண்டு மட்டும் சொல்லுங்கோ. அந்தப் பொம்பிளை கழட்டித் தருவா."

அவர் வாயைத் திறந்தார். சொல்லத்தான் திறந்தார் என்று நான் இன்றும் நம்புகிறேன். அந்த நேரம் பார்த்துச் சங்கத்தின் பொருளாளர் கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு. தலைவரின் முதுகு நிமிர்ந்தது. குரலும் மாறியது, ஒலிவாங்கிக் குரல்.

"என்ன தம்பி பகிடியே விடுறீர்? ஒரிஜினல் எண்டா உலகத்தில ஆராவது வெளியில குடுப்பானே? நீரும் விசரன் இல்லைத்தானே."

பொருளாளர் சிரித்தார். இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

யார் கொடுப்பான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. என் பள்ளிக்கூடத்து அண்ணை, என் வீட்டுக்கு வந்து, என் பிள்ளையைப் போலப் பார்ப்பேன் என்று சொல்லிக் கேட்டார். கொடுத்தேன்.

அவர் மாட்டிக்கொண்ட இடம் எனக்கு விளங்குகிறது. பசையின் பெயரைச் சொன்னால் ஒட்டியதை ஒத்துக்கொள்கிறார். ஒட்டியதை ஒத்துக்கொண்டால், போட்டோகொப்பிக்காக ஒருவன் ஏன் ஐந்து மாதம் பசையின் பெயர் கேட்டுத் திரிகிறான் என்று சனம் யோசிக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். தன் பதவியைக் காப்பாற்ற ஒரு தகப்பனின் எழுத்தைப் பிளாஸ்ரிக்குக்குள் அழுக விடுகிறார். அழுகத்தான் செய்கிறது. போன மாதம் தாள் திருத்தும் அந்தப் பெண் பார்த்துவிட்டு, பசை பூசிய இடங்களில் தாள் கருமையாகத் தொடங்கியிருக்கிறது என்றாள். பொறுக்கக்கூடிய காலம் அதிகமில்லை என்றாள்.

எனக்கு நட்டஈடு வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம், அதை அவர் நன்றாகவே மேடையில் கேட்பார், கைதட்டலும் வாங்குவார், பசையின் பெயர் மட்டும் வராது. தனியாகச் சொன்னாலும் எனக்குப் போதாது. மரக்கறிக் கடை வாசலில் ஓர் ஆள் வந்தவுடன் பேச்சை மாற்றியவர், நாளைக்கு நான் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்ன பிறகு, அப்படிச் சொல்லவேயில்லை என்பார். இரண்டு விதமாகக் கதைக்கிறவரின் சொல்லை நம்பி அவள் திரவத்தை விட முடியாது. நானும் விடச் சொல்லமாட்டேன்.

அடுத்த மாதம் சங்கத்தின் பொதுக்கூட்டம். அதே மண்டபம். நானும் வருவேன், மகளும் வருவாள், அம்மாவின் அட்டையையும் கொண்டு வருவேன். பதில் வராத தாள் எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். அந்தக் கமக்காரனின் மனுவுக்குச் சண்டைக்கு நடுவில் ஒரு ஜனாதிபதி பதில் எழுதியிருக்கிறார். பழைய மாணவர் சங்கத்தின் ஒரு கிளைத் தலைவருக்கு அதைவிட அதிக வேலை இருக்க முடியாது.

அண்ணை, பதினொரு வருடமாக உங்கள் கையில் இருக்கிற அந்த ஒலிவாங்கியை எடுங்கள். செயற்குழு, பொருளாளர், போட்டோகொப்பிக் கடைக்காரர் எல்லாரும் இருக்கும்போது, எழும்பி நின்று சொல்லுங்கள். என்ன பசை? முழுக்கவா, மூலையிலா?